மிதித்த கால்

களத்தைக் காலி செய்து தர வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் வீரணன் ஆள்விட்டு அனுப்பிய பிறகுதான் அந்தக் காரைப் பற்றி அந்த வீட்டில் வாய்திறந்து பேசினார்கள். ஐப்பசியில் ஊர்க்காரர்கள் தள்ளிக்கொண்டுபோய்க் களத்து ஓரத்தில் நிறுத்திய பழைய அம்பாசிடர். அடைமழையும் மார்கழிப் பனியும் அதன் மேலேயே பெய்து தீர்ந்திருந்தன. கூரையில் கோழிகள் ஏறி உட்கார்ந்து எச்சமிட்டு, வெள்ளை நிறம் எது என்று தெரியாமல் போயிருந்தது. தை பிறந்து அறுப்பு மிஷின் ஊத்துப்பட்டிக்குள் வந்துவிட்டது. நெல் கொட்டிக் காயவைக்க இடம் வேண்டும். வீரணன் கேட்டதில் தப்பில்லை.

"எடைக்குப் போட்டுருங்க" என்று போனில் சொல்லிவிட்டான் நல்லகாமன். கார் அவனுடையது. மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது ஒரு கல் குவாரியில் காவலுக்கு நிற்கிறான். ஐப்பசிக்குப் பிறகு அவன் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை என்று சொன்னார்கள்.

அவன் பெண்டாட்டி மீனா போனைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் சோணையம்மாள். முறத்தில் மொச்சைக்காயைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அது நிக்கிற தெசையப் பாக்கவே எனக்குப் புடிக்கல. எடைக்காரன வரச்சொல்லி வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"வெட்ட வேணாம்."

வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த அருள்பாண்டிதான் சொன்னது. மீனாவின் தம்பி. இடது காலில் முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருந்தார்கள். தாங்கு கட்டையோடு கொல்லைவரைக்கும் போய்வருவான், அதற்கு மேல் முடியாது.

"பரீத் அண்ணன வரச்சொல்லுக்கா. ரிப்பேர் பாப்போம்."

சோணையம்மாள் முறத்திலிருந்து கையை எடுத்தாள். "ஒன்மேல ஏத்துன வண்டிய நீயே ரிப்பேர் பாக்கப் போறியா?"

"களத்துலருந்து நகத்தணும்னா பிரேக் வேணும்ல? கண்மாய்க்கரை ஏறிட்டா அந்தப் பக்கம் பூராம் எறக்கம். கட்டி இழுத்தாலும் முன்னால போற வண்டியில கொண்டுபோய் முட்டும்."

அவன் சொன்ன காரணம் சரிதான். ஆனாலும் அது காரணம் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். மீனாவுக்கு அம்மா வீட்டில் பங்காக வந்த நிலம் அருள்பாண்டியின் நிலத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். யார் முறையில் யார் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று அன்று காலையில் மச்சானுக்கும் மைத்துனனுக்கும் வாய்த்தகராறு. மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்குப் போய், ஆட்கள் விலக்கிவிட்டார்கள். அன்று மதியம் நல்லகாமன் கண்மாய்க்கரையிலிருந்து இறக்கத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். இறக்கம் முடியும் இடத்தில் அருள்பாண்டி பைக்கை நிறுத்தி, காலை ஊன்றி, யாரோடோ போன் பேசிக்கொண்டிருந்தான். கார் நேராக வந்து அவனைத் தூக்கி அடித்து, வாய்க்கால் சுவரில் மோதி நின்றது.

பிரேக் பிடிக்கவில்லை என்றான் நல்லகாமன். அழுதுகொண்டே சொன்னான். ஊர் நம்பவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஹாரனாவது அடித்திருப்பானே, ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார்கள். காரைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது டிராக்டர் ஓட்டுகிற பால்பாண்டி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தான். கார் நின்றது. "நல்லாத்தான் நிக்கிது" என்று அவன் இறங்கிச் சொன்னதோடு ஊருக்கு முடிந்துபோயிற்று. குடும்பத்துக்குள் போலீஸ் வேண்டாம் என்று வீரணன் நடுவில் நின்று பேசினார். நல்லகாமன் இனி ஊத்துப்பட்டிக்குள் கால்வைக்கக் கூடாது, மீனா விருப்பப்பட்டால் அவனோடு போகலாம் என்றார்கள்.

மீனா போகவில்லை. தம்பிக்குக் கால் கழுவிவிட ஆள் வேண்டும் என்றாள். அதற்கு சோணையம்மாள் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

*

மறுநாள் காலை பனி விலகுகிற நேரத்துக்கு பரீத் வந்துவிட்டார். மேலூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். பைக்கின் பின்னால் ஜாக்கியும் சாமான் சாக்கும் கட்டியிருந்தது. தோளில் மாலை போட்டதுபோல ஒரு சுருள் இரும்புக் குழாய்.

"கூட வார ஆளு மச்சினிச்சி கல்யாணம்னு சிவகங்கைக்குப் போயிட்டான்" என்றார் சாக்கை இறக்கியபடி. "ஒத்தக் கைதான். யாராச்சும் கூடமாட நிக்கணும்."

"நான் நிக்கிறேன்ணே" என்றாள் மீனா.

அருள்பாண்டி தாங்கு கட்டையை ஊன்றி ஊன்றிக் களம்வரைக்கும் வந்துவிட்டான். கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் போடச் சொன்னான். போட்டதும் ஒருக்களித்துப் படுத்து, காரின் அடிவயிறு தெரிகிற மாதிரி தலையணையைச் சரிசெய்துகொண்டான்.

பரீத் ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். களத்து ஓரம் கிடந்த சதுரக் கல்லை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தார். ஒரு சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே ஊர்ந்தார். பிறகு உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"யா அல்லா. என்னா துருப்பா இது. கடல்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. நம்மூர்ல இம்புட்டுத் துரு வராதே."

மீனா அருள்பாண்டியைப் பார்த்தாள். அவன் காரின் டிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரீத் வெளியே வந்து பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பா காய்ந்து கிடந்தது. புது பாட்டிலை உடைத்து அதில் ஊற்றினார்.

"தங்கச்சி, உள்ள ஏறி உக்காரு. நடுவுல இருக்கிற பெடல். நான் சொல்லும்போது மிதி. எங்க ஒழுகுதுன்னு நான் கீழருந்து பாக்குறேன்."

மீனா அந்தக் காரில் பல முறை போயிருக்கிறாள். எப்போதும் இடது பக்கம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. சீட்டில் இன்னும் அவன் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் களமும், களத்துக்கு அப்பால் கண்மாய்க்கரையும் தெரிந்தன.

"மிதி" என்றார் பரீத் அடியிலிருந்து.

மெதுவாக மிதித்தாள். கொஞ்சம் எதிர்த்துக்கொண்டு நின்றது.

"அப்படி இல்ல. குறுக்க மாடு வந்தா எப்படி மிதிப்ப? அப்படி மிதி."

ஓங்கி மிதித்தாள். ஒரு கணம் காலுக்கடியில் இறுக்கம் இருந்தது. அப்புறம் எதுவோ விட்டுக்கொடுத்தது. கால் தரையில் போய் முட்டியது. மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறதென்று காலை வைத்து, இல்லாமல் போனதுபோல இருந்தது. மறுபடி மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள். அவள் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. கால் தரையில் கிடந்தது, கை வளையத்தைப் பிடித்திருந்தது, கண் கண்மாய்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாரன் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகவே தெரிந்தும், அதை அமுக்கக் கை எழவில்லை. நின்றுகொண்டிருக்கிற காரிலேயே எழவில்லை.

"போதும் தங்கச்சி. பாத்துட்டேன்."

அவள் காலை எடுக்கவில்லை. பரீத் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எடுத்தாள்.

*

துருவேறிய குழாயில் ஒரு முழம் அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு வந்து கட்டிலின் சட்டத்தில் வைத்தார் பரீத். பிரேக் ஆயில் படிந்து கறுப்பாக இருந்தது. துணியால் துடைத்து அருள்பாண்டியின் பக்கம் திருப்பினார்.

"இந்தா பாரு. பின் அச்சுக்கு மேல ஓடுற குழாய். கீறல் தெரியுதா?"

விரல்நகம் அளவுக்கு நீளமான கீறல். அதன் இரண்டு உதடுகளும் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தன.

"இது அன்னைக்கு விழுந்த கீறலாண்ணே? இல்ல, சும்மா நின்னதுல விழுந்ததா?"

"நிக்கிற வண்டியில துருப்பிடிக்கும் மாப்ள. வெடிக்காது. உள்ளருந்து அழுத்தம் வந்தாத்தான் இப்படி வெளிய பிதுங்கும். அழுத்தம் எப்ப வரும்? மிதிச்சாத்தான் வரும். கீறலுக்குள்ளயும் துரு ஏறியிருக்கு, இன்னைக்குத் தங்கச்சி மிதிச்சதுல விழுந்ததில்ல." பரீத் பீடி பற்றவைத்துக்கொண்டார். "ஏற்கெனவே கசிஞ்சுக்கிட்டு இருந்த குழாய்தான். அத வெடிக்கவச்சது ஒரு மிதி. உசிர விட்டு மிதிச்சிருக்கான்."

"பால்பாண்டி மிதிச்சப்ப நின்னுச்சாம்ல?"

"தள்ளிக்கிட்டு வார வண்டிய அவன் எப்படி மிதிச்சிருப்பான்? பைய மிதிச்சிருப்பான். பைய மிதிச்சா இந்தக் கீறல் வாய மூடிக்கிட்டுச் சும்மா இருக்கும். இப்ப தங்கச்சி மொத தடவ மிதிச்சப்பயும் நின்னுச்சு. ஓங்கி மிதிச்சப்பத்தான் பீச்சி அடிச்சிருச்சு. எறக்கத்துல வரும்போது பைய மிதிக்க யாருக்கு நேரம் இருக்கு?"

மீனா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருள்பாண்டி அந்தக் குழாய்த் துண்டைக் கையில் வாங்கி, கீறலை விரலால் தடவினான்.

"நான் அவரு மூஞ்சியப் பாத்தேன்ணே" என்றான். அந்த நாளைப் பற்றி அவன் பேசுவது இதுதான் முதல்முறை. இத்தனை நாளும் அவனுக்காக ஊர்தான் பேசிக்கொண்டிருந்தது. "கண்ணாடிக்குப் பின்னால. பயந்துபோன மூஞ்சி. அதத்தான் யோசிச்சுக்கிட்டே கெடக்குறேன். ஏத்தணும்னு வாரவனுக்கும் அந்த நேரத்துல பயமாத்தானே இருக்கும்? எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

பரீத் புகையை விட்டார். "எனக்குத் தெரிஞ்சது இந்தக் குழாய் மட்டுந்தான் மாப்ள. மூஞ்சியப் பத்தித் தெரியாது."

மதியத்துக்குச் சோணையம்மாள் சோறு கொண்டுவந்தாள். தை மாதத்து மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வேப்பமர நிழலில் உட்கார்ந்து பரீத் இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிக்கொண்டார்.

"கருவாடு எந்தூரு?"

"தொண்டி" என்றாள் சோணையம்மாள். "இப்ப வாங்குனதுதேன். முன்னயெல்லாம் இவுங்களே கொண்டாருவாங்க. இவனும் அவுகளும்."

பரீத் கையை நிறுத்தினார். "யாரு, நல்லுவும் நீயுமா? இந்த வண்டியிலயா?"

அருள்பாண்டி தட்டைப் பார்த்தபடி சொன்னான். "கொரானா சமயத்துல சவாரி இல்லைல்ல. மச்சானுக்குக் கையில ஒன்னுமில்ல. நான்தான் சொன்னேன், தொண்டி போய் மீன் ஏத்திக்கிட்டு வந்து மேலூர்ல விப்போம்னு. டிக்கியில பெட்டி பெட்டியா ஐஸ் போட்டு அடுக்குவேன். ரெண்டு வருசம் ஓட்டுனோம். மச்சான் அப்பவே சொல்லுவாரு, தண்ணி கீழ எறங்குதுடா மாப்ள, தார்பாய் விரிடான்னு. நான் விரிக்கல. தார்பாய் விரிச்சா ஒரு பெட்டி கொறையும்."

"அதான்" என்றார் பரீத். "உப்புத்தண்ணி. டிக்கி ஓட்டையில சொட்டி நேரா அச்சு மேல விழுந்திருக்கு." சோற்றைப் பிசைந்தார். "சரி, விடு. நீ என்ன, குழாய அரிக்கணும்னா மீன் ஏத்துன."

சோணையம்மாள் மகனையும் மெக்கானிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரேக் உண்மையிலேயே போயிருந்தது என்றும், அதற்குக் காரணம் இந்த மீன் ஓட்டம்தான் என்றும் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நடையில் வேகம் இல்லை.

*

மதியத்துக்கு மேல் நடந்ததெல்லாம் வெறும் மல்லுக்கட்டு. குழாய் முனைகளை இறுக்கியிருந்த நட்டுகள் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தன. ஸ்பேனரை வைத்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கி வழுக்கியது. பரீத் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்தார். சுத்தியலால் செல்லமாகத் தட்டினார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, மீனா நிற்பது நினைவுக்கு வந்து, "மன்னிச்சுக்க தங்கச்சி" என்றார். டேங்க் பக்கத்தில் இருக்கிறதே என்று நெருப்புக் காட்டப் பயந்தார். கடைசியில் குழாயைச் சுத்தமாக அறுத்துவிட்டு, குழல் ஸ்பேனரை முழுசாக மாட்டி, அதன் கைப்பிடியில் ஒரு நீளக் கம்பியைச் செருகித் தொங்கினார். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். நட்டு விட்டுவிட்டது. இன்னொன்று இரண்டாம் முறை தொங்கிய பிறகுதான் விட்டது. காற்றெடுக்கிற நிப்பிள் ஒன்று கையோடு ஒடிந்துவந்தது. அந்தச் சக்கரத்துச் சிலிண்டரையே கழற்றிவிட்டு, சாக்கில் கிடந்த வேறொன்றை மாட்டினார்.

புதுக் குழாயைப் பழைய குழாய் போன வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் வளைத்தார். முனையை அறுத்து, அரம் போட்டு, நட்டை உள்ளே கோத்துவிட்டு, பிடிக்கருவியில் வைத்து வாயை விரித்தார். முதல் முறை விரித்தது ஒரு பக்கம் கோணிவிட்டது. அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி விரித்தார். இந்த வேலை நடக்கும்போது அவர் பேசவே இல்லை. பேச்சு முழுவதும் அருள்பாண்டியினுடையது. எப்போது மதுரைக்குக் காலைக் காட்டப் போக வேண்டும், டாக்டர் என்ன சொன்னார், கம்பி எப்போது எடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நெடுநாள் கழித்துப் பேச்சு வந்தவன்போல இருந்தான்.

மீனா அழுக்குத் துணியும் ஸ்பேனரும் எடுத்துக்கொடுத்துக்கொண்டு நின்றாள். அவள் மனதில் ஓடியது வேறு. அன்று காலை தகராறு முடிந்து வந்த நல்லகாமன் சட்டையை மாட்டிக்கொண்டே அவளிடம் ஒரு வார்த்தை சொன்னான். "ஒந்தம்பி ஒரு நாளைக்கு என் வண்டிக்கு அடியிலதான் கெடக்கப் போறான்." வீட்டுக்குள் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். ஊரில் யாருக்கும் அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. மீனா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை. ஆனால் ஊர் முழுக்க சந்தேகப்பட்டது என்றால், வேண்டுமென்றே ஏற்றினான் என்று அவள் ஒருத்திதான் உறுதியாக நம்பினாள். கார்த்திகையில் ஒரு நாள் போனில் அவன், "நீயுமா மீனா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டான்.

வெயில் சாயும்போது பரீத் அவளை மறுபடி சீட்டில் உட்காரச் சொன்னார். குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும்.

"மிதி. மிதி. மிதி. பிடிச்சுக்க. விட்றாத."

அவள் பிடித்துக்கொண்டாள். பரீத் சக்கரத்துப் பக்கம் நிப்பிளைத் திறக்க, புஸ்ஸென்று காற்றும் ஆயிலும் நுரைத்து வெளியே வந்தன. அவள் காலுக்கடியில் பெடல் இறங்கியது.

"இப்ப விடு. மறுபடி மிதி."

ஒவ்வொரு சக்கரமாக அவர் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் கொஞ்சம் மேலே வந்தது, கொஞ்சம் கெட்டிப்பட்டது. கடைசிச் சக்கரம் முடிந்தபோது அவள் முழு பலத்தோடு மிதித்தும் அது பாதியில் பாறைபோல நின்றது.

களத்தின் எல்லையில் நல்லகாமன் நின்றுகொண்டிருந்தான். ஊருக்குள் கால்வைக்கக் கூடாது என்று சொன்னதால் களத்துக்குள்ளும் வரலாமா கூடாதா என்று தெரியாமல் வரப்பின் மேலேயே நின்றான். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நான்தான் போன் பண்ணேன்" என்றார் பரீத். "வண்டிக்காரன் வராம வண்டிய யார் கையில குடுக்க?"

அருள்பாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"வாங்க மச்சான்."

நல்லகாமன் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, முதலில் அவன் காலைப் பார்த்தான். உட்காரவில்லை.

"குழாய் வெடிச்சிருக்கு மச்சான்" என்றான் அருள்பாண்டி. "பரீத் அண்ணே காமிச்சாரு. உப்புத்தண்ணி. நம்ம மீன் பெட்டிதான்."

நல்லகாமன் தலையை ஆட்டினான். அதோடு விட்டிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவன் விடவில்லை.

"எனக்குத் தெரியும் மாப்ள. ஆயில் கொறையுதுன்னு முன்னாடியே தெரியும். ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிட்டு இருந்தேன். தீவாளி சவாரி முடியட்டும், மாத்திருவோம்னு இருந்தேன். தெரிஞ்சேதான் ஓட்டுனேன்."

பரீத் குனிந்து சாமான்களைச் சாக்கில் போட ஆரம்பித்தார். அருள்பாண்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் இறுகி, பிறகு தளர்ந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டா? பிரேக் பிடிக்கலன்னு சொன்னதையே யாரும் கேக்கல. ஓட்டை வண்டின்னு தெரிஞ்சும் ஓட்டுனேன்னு சொன்னா கேக்கவா போறாங்க?"

"கால் போச்சு மச்சான்" என்றான் அருள்பாண்டி. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு செய்திபோலச் சொன்னான். "கம்பி எடுத்தாலும் நொண்டிதான். ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா வேணும்னு ஏத்தலைல்ல. அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

நல்லகாமன் கட்டிலின் காலடியில், தரையில் உட்கார்ந்தான்.

*

மோட்டார் ரூம் தொட்டியில் அவன் கைகால் கழுவப் போனபோது மீனா பின்னாலேயே போனாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பேசினால் களத்துக்குக் கேட்காது.

"அன்னைக்குக் காலைல நீங்க சொன்னது எனக்கு மறக்கல" என்றாள்.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "கோவத்துல சொன்னது."

"தெரியும். ஆனா அத வச்சுத்தான் நீங்க வேணும்னே ஏத்துனீங்கன்னு நான் நம்புனேன். ஊருகூட சந்தேகமாத்தான் பட்டுச்சு. நான் நம்பிட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லல நீ."

"சொல்லல."

"சொல்லியிருந்தா என்னைய வெட்டிப் போட்ருப்பாங்க."

"அதான் சொல்லல. ஒங்கமேல நம்பிக்கை இருந்ததுனால இல்ல."

அவன் ஈரக் கையோடு நின்றான். குழாயிலிருந்து தண்ணீர் தொட்டி நிறைந்து வாய்க்காலுக்கு வழிந்தது. அவன் ஏதாவது திட்டுவான், அல்லது அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டும் செய்யவில்லை.

"மூணு மாசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். "நீ என்னைய நம்புறியா இல்லையான்னு. இப்பத் தெரிஞ்சிருச்சு. தெரியாம இருந்ததுக்கு இது பரவாயில்ல."

"காலைல நான் மிதிச்சுப் பாத்தேன். தரைக்குப் போயிருச்சு."

"ம்."

"எனக்குக் கை ஓடல. ஹாரன் அடிக்கணும்னே தோணல."

அவன் அவளைப் பார்த்தான். துண்டை எடுத்து முகத்தை மூடித் துடைத்தான். துடைக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தான்.

களத்துக்கு அவர்கள் திரும்பி வந்தபோது வீரணன் வந்து நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, காரைச் சுற்றிப் பார்த்தார். நல்லகாமனைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அருள்பாண்டி குழாய்த் துண்டை நீட்டி, நடந்ததைச் சொன்னான். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"பழைய வண்டின்னா குழாய் எங்கயாச்சும் ஓட்டையாத்தான் இருக்கும்" என்றார். "அத வச்சு என்னத்தச் சொல்றது. ஊருல நாலு பேரு பேசி முடிச்சது. ஒனக்கு மனசு ஒப்புச்சுன்னா சரி. களத்த இன்னைக்கே காலி பண்ணிருங்க. நாளைக்கு எனக்கு மிஷின் வருது."

"காலி பண்ணிருவோம் மாமா" என்றான் அருள்பாண்டி.

வீரணன் போய்விட்டார். ஊர் இதற்கு மேல் மாறாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. நாளைக்கு டீக்கடையில், பணம் கொடுத்து மெக்கானிக்கைச் சொல்லவைத்தார்கள் என்றுகூடப் பேசுவார்கள். பரீத் அதை வாய்விட்டே சொல்லிச் சிரித்தார்.

ஓட்டிப் பார்க்காமல் வண்டியை விட்டுப் போக மாட்டேன் என்று, கொண்டுவந்திருந்த பாட்டரியை மாட்டி அவரே உட்கார்ந்து களத்துக்குள் இரண்டு சுற்று சுற்றினார். வேகமெடுத்து மிதித்தார். கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. கூரையிலிருந்து கோழி எச்சம் பொடியாக உதிர்ந்தது. இறங்கிச் சாவியை நல்லகாமனிடம் நீட்டினார்.

"நான் ஓட்டல பாய். நீங்களே மேலூர் வரைக்கும் கொண்டாந்துருங்க."

"அப்ப என் பைக்க யாரு கொண்டாரது? ஒங்கப்பனா?"

நல்லகாமன் சாவியை வாங்காமல் நின்றான். மீனா வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. பின்னாலேயே சோணையம்மாள் வந்தாள். கையில் ஒரு தூக்குச் சட்டி. அதை மருமகனிடம் நேராகக் கொடுக்கவில்லை. காரின் பின்சீட்டில் வைத்து, சாயாமல் ஒரு சாக்கைச் சுற்றிவிட்டு, "கொழம்பு இருக்கு" என்று மகளிடம் சொன்னாள்.

மீனா இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நல்லகாமன் சாவியை வாங்கினான்.

கண்மாய்க்கரை ஏற்றத்தில் ஏறி, ஊர்ச்சாலை வழியே அவர்கள் நாலுவழிச் சாலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. அவன் சைக்கிள் வேகத்தில்தான் ஓட்டினான். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று உரசுவதுபோலப் போனபோது அவன் தோள் அதிர்ந்தது. ஓரிடத்தில் ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. அவன் வெகு தூரத்திலேயே மிதிக்கத் தொடங்கி, மந்தைக்கு நெடுந்தூரம் முன்னாலேயே நின்றுவிட்டான். கடைசி ஆடு போன பிறகும் அவன் கால் பிரேக்கிலேயே இருந்தது.

"எடுங்க" என்றாள்.

எடுத்தான். மேலூர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.

"வீட்டுல ஒன்னும் இருக்காது" என்றான் அவன். "நான் குவாரி மெஸ்ஸுலயே சாப்பிட்டுக்கிட்டேன். அடுப்பே பத்தவைக்கல. ஓட்டல்ல ரெண்டு பரோட்டா வாங்கிக்கிருவமா?"

மீனா பின்சீட்டில் இருந்த தூக்குச் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அரிசி மட்டும் வாங்குங்க" என்றாள். "அப்படியே கொஞ்சம் பாலும்."